தம்போய்: ஏளனச் சொல்லாகிப்போன ஓர் ஊரின் வரலாறு



பேராக் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் எப்படியோ, ஜொகூரில் தம்போய் அப்படி. எவரேனும் சற்று மாறாகப் பேசிவிட்டால், "இவனைத் தம்போய்க்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று ஏளனம் செய்வது நெடுங்கால வழக்கம். இரண்டு ஊர்களிலும் மனநல மருத்துவமனைகள் இருப்பதே காரணம். பெரியவர்கள் வாயிலிருந்து இச்சொல் மாணவர் வாய்க்கும் வந்துவிட்டது. தம்போயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளைக்குத் தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறு செய்தி ஏதேனும் நாம் கொடுத்திருக்கிறோமா?

தம்போய் என்பது ஒரு காட்டுப்பழத்தின் பெயர். தடித்த தோலும், உள்ளே புளிப்பும் இனிப்பும் கலந்த வெண்ணிறச் சுளைகளும் கொண்டது. இதன் இனத்தைச் சேர்ந்த மரமொன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. கேரளத்தார் அதனை மூட்டிப்பழம் என்பர். அதன் அறிவியற்பெயரில் நம் குற்றாலத்தின் பெயர் இருக்கிறது! ஆக, தம்போய்க்குத் தமிழ்நாட்டில் ஓர் உறவுக்காரர் உண்டு.

ஜொகூர் பாருவின் வடமேற்கே, ஸ்கூடாய் ஆற்றுக்குக் கிழக்கே அமைந்த மேட்டு நிலம் இவ்வூர். 19ஆம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆற்றங்கரைகளில் சீனர்கள் 'கங்சூ' எனப்படும் தலைவர்களின் கீழ்க் காடழித்து மிளகும் கேம்பியரும் பயிரிட்டனர். கேம்பியர் என்பது வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் பயன்பட்ட, காசுக்கட்டி போன்ற பொருள். இலையைக் காய்ச்சிச் சாறெடுக்க ஏராளமான விறகு தேவைப்பட்டது. மண்ணும் சில ஆண்டுகளில் வலுவிழந்தது. எனவே தோட்டங்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. 1917இல் கங்சூ முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே ரப்பர் வந்துவிட்டது. ரப்பரோடு கங்காணிகளும், அவர்கள் அழைத்துவந்த நம் முன்னோரும் ஜொகூர் மண்ணுக்கு வந்தனர்.

தம்போய் மேட்டில் மனநல மருத்துவமனை எழுந்தது 1930களில். அதன் கதையில் பலரும் அறியாத பகுதி போர்க்காலத்தைச் சேர்ந்தது. 1941 நவம்பரில் ஆஸ்திரேலியப் படையின் 13ஆம் பொது மருத்துவமனை சிங்கப்பூரிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. ஜப்பானியப் படை ஜொகூருக்குள் நுழைந்தபோது காயம்பட்ட வீரர்கள் இங்கேதான் கொண்டுவரப்பட்டனர். 1942 சனவரி இறுதியில் மருத்துவமனை மீண்டும் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. சனவரி 31ஆம் நாள் ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டது.

அந்தத் தாதியருள் ஒருவர் விவியன் புல்விங்கல். பிப்ரவரி 12ஆம் நாள் 65 ஆஸ்திரேலியத் தாதியர் 'வைனர் புரூக்' எனும் கப்பலில் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டனர். இரண்டு நாளில் கப்பல் குண்டுவீச்சில் மூழ்கியது. பங்கா தீவில் கரையேறிய தாதியருள் 22 பேரை ஜப்பானியர் கடலுக்குள் நடக்கவைத்துப் பின்னாலிருந்து சுட்டனர். பிழைத்தவர் புல்விங்கல் ஒருவரே. சில வாரங்களுக்கு முன் தம்போயில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர்.

அவர்கள் விட்டுச்சென்ற கட்டடத்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. 'ஓகா 9420' எனும் ஜப்பானிய இராணுவப் பிரிவு, கொள்ளைநோயை ஆயுதமாக்கும் ஆய்வுக்குத் தம்போய் மருத்துவமனையைப் பயன்படுத்தியது என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். பித்து எது, தெளிவு எது என்று அந்தக் கட்டடத்தைப் பார்த்தே கேட்கத் தோன்றுகிறது.

விடுதலைக்குப் பின் தொழிற்பேட்டையும் வீடமைப்புகளும் பெருகி, தம்போய் ஜொகூர் பாருவோடு ஒட்டிக்கொண்டது. இன்று பலருக்கு அங்சானா பேரங்காடிதான் அடையாளம். மருத்துவமனைக்கு இப்போது பெர்மாய் என்று பெயர். மலாயில் 'அழகிய' என்பது பொருள். மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே மருந்துண்டு, குணமுண்டு என்பதையும் இவ்வூர்ப் பாடத்தோடு சேர்த்தே வகுப்பில் சொல்லலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இக்கதை நன்கு புரியும். தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னால், ஊர் வரலாற்றின் அடுத்த பகுதியை அவர்களே கொண்டுவருவார்கள்.