ஐக்கிய அமெரிக்காவில் பச்சிளங்குழந்தை விருத்தசேதனமும் பெற்றோர் மறுப்பும்

விருத்தசேதனம் என்பது ஆண்குறியின் முன்தோலை வெட்டி அகற்றும் அறுவை ஆகும். யூதர்களும் முசுலிம்களும் இதனைச் சமய வழக்கமாகக் கொண்டுள்ளனர். ஐக்கிய அமெரிக்காவில் இது சமயம் சாராத மருத்துவமனை வழக்கமாகவும் பரவியது.

1870 இல் நியூயார்க் மருத்துவர் லூயிசு சாயர், கால் முடங்கிய சிறுவன் ஒருவன் இவ்வறுவைக்குப் பின் குணமடைந்ததாக அறிவித்தார். அதன்பின் பல நோய்களுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டில் பேறுகள் மருத்துவமனைக்கு மாறியபோது, பிறந்த சில நாட்களிலேயே செய்வது வாடிக்கையானது.

பிறப்பில் முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பே என்று பிரித்தானிய மருத்துவர் டக்ளசு கெயர்ட்னர் 1949 இல் எழுதினார். பிரித்தானியாவில் இவ்வழக்கம் விரைவில் குறைந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1971 இல், பிறந்தவுடன் இதைச் செய்ய ஏற்கத்தக்க மருத்துவக் காரணம் இல்லை என்றது. 1999 இல் வலிநீக்கம் தேவை என வலியுறுத்தியது. 2012 இல், சிறுநீர்த்தொற்று, எச்.ஐ.வி ஆகியவற்றின் ஆபத்தைக் குறைப்பது உள்ளிட்ட நன்மைகள் தீங்குகளை விஞ்சுகின்றன என்றது. எனினும் அனைவருக்கும் பரிந்துரைக்காமல், முடிவைப் பெற்றோரிடமே விட்டது.

மருத்துவமனையிலேயே இவ்வறுவை செய்யப்பட்ட ஆண் குழந்தைகளின் பங்கு 1979 இல் 64.5 விழுக்காடு, 2010 இல் 58.3 விழுக்காடு.

மறுக்கும் பெற்றோர் பலரின் வாதம் எளியது: மகன் வளர்ந்தபின் விரும்பினால் செய்துகொள்ளலாம்; செய்துவிட்டதை மீட்க இயலாது. அறுவை செய்யாத குழந்தைக்குத் தனிப் பராமரிப்பு தேவையில்லை. வெளிப்புறத்தைக் கழுவினால் போதும். முன்தோலை வலிந்து பின்னிழுக்கக் கூடாது.