இடத்துக்கு உரிமம், பெட்டிக்கு விதி, கைக்கு?

மதுரையை அடுத்த கொந்தகையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழிகள், இறந்தவரை முறையாக மண்ணில் வைக்கும் வழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்று காட்டுகின்றன. ஆனால் உடலைக் கெடாமல் காக்கும் தொழில் இங்கே வேர்விடவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கும் வெயில் பூமியில் அதற்குத் தேவையும் எழவில்லை. அதனால் ஆட்சியாளர்களின் கவனமும் மயானத்தோடு நின்றது. மதுரை 1866-இல் நகராட்சி ஆனது. பின்னர் வந்த 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், இடுகாடு சுடுகாடுகளைப் பதிவு செய்யவும் புதியவற்றுக்கு உரிமம் பெறவும் விதிகள் வகுத்தது.

உடலைப் பதப்படுத்தும் வேலை மருத்துவப் படிப்போடுதான் இந்த வட்டாரத்தில் நிலைபெற்றது. உரிமை கோரப்படாத உடல்களை மாணவர் பயிற்சிக்கு வழங்க 1951-இன் சென்னை உடற்கூறியல் சட்டம் வழி செய்தது. 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதே 1954-இல் வந்த இந்திய வானூர்திப் பொதுச் சுகாதார விதிகள், விமானத்தில் வரும் உடல் எப்படிப்பட்ட பெட்டியில் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று வரையறுத்தன. வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்களின் உடல்கள் தென்மாவட்டக் கிராமங்களுக்குப் பெட்டியில் திரும்பத் தொடங்கியபோது, பதப்படுத்தியதற்கான சான்றிதழ் சாதாரணக் குடும்பங்களும் அறிந்த காகிதமாயிற்று. ஆக, இடத்துக்கு உரிமம் இருக்கிறது, உடலை ஒப்படைக்கச் சட்டம் இருக்கிறது, பெட்டிக்கு விதி இருக்கிறது. பதப்படுத்துபவருக்கென்று மட்டும் தனி உரிமச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1894-லேயே அப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது.

இது சிறிய குறை அல்ல. தொடையிலோ கழுத்திலோ தமனியைத் திறந்து, குழாய் செருகி, ஃபார்மலின் கலந்த திரவத்தை உடலெங்கும் செலுத்துகிறார்கள். அதன்பின் நஞ்சுப் பரிசோதனையின் முடிவுகளை நம்புவது கடினம். சந்தேக மரணத்தில் பிரேதப் பரிசோதனைக்கு முன் இதைச் செய்தால் சாட்சியமே அழிந்துபோகலாம். செய்பவருக்கும் ஆபத்து உண்டு: ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் உடல் பதப்படுத்தப்பட்ட பிறகு கிளம்பிய வதந்திகளுக்கு, அதைச் செய்த மருத்துவர் சுதா சேஷய்யன் 2017 பிப்ரவரியில் செய்தியாளர்கள் முன் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எந்த நேரத்தில், எந்தத் திரவம், எவ்வளவு என்ற பதிவைச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தால், சந்தேகத்துக்கு முதல் நாளே பதில் கிடைத்திருக்கும்.

பதப்படுத்தல் சான்றிதழில் கையெழுத்திடும் உடற்கூறியல் பேராசிரியர் ஏற்கெனவே பதிவு பெற்ற மருத்துவர்தானே, இன்னொரு உரிமம் எதற்கு என்று கேட்கலாம். அவருடைய பதிவு மருத்துவத் தொழிலுக்கானது. பிணவறையில் உடன் நின்று வேலை செய்யும் ஊழியரின் பயிற்சிக்கோ பாதுகாப்புக்கோ அது பொறுப்பேற்காது. உரிமம் வந்தால் துக்க வீட்டின் செலவு கூடும், காத்திருப்பு நீளும் என்ற அச்சம் இதைவிட நியாயமானது. ஆனால் கடைக்குத் தரும் உரிமத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறைகளே பயிற்சி தந்து சான்று வழங்கட்டும். ஒவ்வொரு உடலுக்கும் ஒரு பதிவேட்டுப் பக்கம் இருக்கட்டும். குடும்பத்திடம் இதற்காக ஒரு ரூபாய்கூட வாங்கத் தேவையில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் சுடுகாட்டு நிலத்துக்குக் காட்டிய அக்கறையை, உடலைப் பதப்படுத்தும் மனிதருக்கும் அரசு காட்ட வேண்டும்.