குதிரை மிரண்டது, கார் நின்றது!

கோடைக்காலத்து சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். ஹ்யூரான் ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு படகு ஏறுகிறார்கள். போகிற இடம், மெக்கினாக் தீவு. எழுதுவதுதான் அப்படி. 'மெக்கினா' என்று சொன்னால்தான் உள்ளூர்க்காரர் மதிப்பார்!

தீவில் சைக்கிள் உண்டு, குதிரை வண்டி உண்டு. கார்? மூச்! தீவைச் சுற்றி எட்டு மைல் சொச்சத்துக்கு எம்-185 என்று அரசாங்க நெடுஞ்சாலையே இருக்கிறது. அதிலும் சைக்கிள்தான் ஓடுகிறது.

அடடா, என்ன ஒரு இயற்கைக் காதல் என்று உருகிவிடாதீர்கள். விஷயம் வேறு.

ஒரு காலத்தில் இந்தத் தீவு பீவர் தோல் வியாபாரத்தில் கொழித்தது. அந்த வியாபாரம் படுத்தது. பிறகு மீன். அதற்கும் பிறகுதான் சுற்றுலா. 1875-ல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. எல்லோஸ்டோனுக்கு அடுத்து, நாட்டிலேயே இரண்டாவது. 1887-ல் இரண்டு ரயில் கம்பெனிகளும் ஒரு கப்பல் கம்பெனியும் கூட்டு சேர்ந்து 'கிராண்ட் ஹோட்டல்' கட்டின. தங்க இடம் இருந்தால்தானே டிக்கெட் விற்கும்? வந்து இறங்கியவர்களைச் சுற்றிக் காட்டியது குதிரை வண்டிக்காரர்கள். ஊருக்கே அதுதான் பிழைப்பு.

அந்த நேரம் பார்த்து 'குதிரையில்லா வண்டி' வந்தது. சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் கொதித்துப்போய் முறையிட, 1898-ல் ஊர் நிர்வாகம் தடை போட்டது. 1901-ல் பூங்காவுக்கும் அதே தடை. அன்றைக்குப் புகையைப் பற்றி யாருக்குக் கவலை? வயிற்றுப்பாட்டுக் கவலைதான்.

உலகமெங்கும் வண்டிக்காரர்கள் காரிடம் தோற்றார்கள். இங்கே மட்டும் ஜெயித்தார்கள். எப்படி? ஊரின் வருமானமே அவர்கள் கையில் இருந்தது. அதனால் பேச்சு எடுபட்டது. பூர்வகுடிகளான ஒடாவா, ஒஜிப்வே மக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1836-ல் ஒரே ஒப்பந்தத்தில் வட மிச்சிகனின் பெரும் நிலப்பரப்பு அவர்கள் கையைவிட்டுப் போனது.

விதிவிலக்குகள் உண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஓடலாம். பனிக்காலத்தில் ஸ்னோமொபைல். கோடையில் சுமார் 500 குதிரைகள். குளிர் வந்தால் பெரும்பாலானவை படகேறி அக்கரைக்குப் போய்விடும்.

காமர்ஸ் படித்த புத்திக்கு ஒன்று தோன்றுகிறது. பிழைப்புக்காகப் போட்ட தடைதான் இன்று அந்தத் தீவின் முதல். கணக்குப் புத்தகத்தில் இதற்கு 'குட்வில்' என்று பெயர். அன்றைக்கு மிரண்ட குதிரைக்கு அதில் பங்கு எழுதியிருக்கிறார்களா, தெரியவில்லை!