ஆட்டோமேட்டிக் கியரும் ஷெட் மெக்கானிக்குகளும்

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "ஹாஸ்டல் நினைவுகள் எழுதட்டுமா, அண்ணா?" என்றேன். "அது ஏற்கெனவே பதினொன்று வந்திருக்கு. நீ படிச்ச சப்ஜெக்ட்ல ஏதாவது எழுதுப்பா" என்றார். ஆகவே, சொந்தக் காசு செலவழித்து நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தின் சரித்திரத்தை எழுதுகிறேன்.

நம் ஆட்டோமொபைல் லேபில் வெட்டி வைத்திருந்த கியர்பாக்ஸ் மாடலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது கிளட்ச் மிதித்து கியர் போடும் சாதாரண ரகம். ஆட்டோமேட்டிக் கியர் சிலபஸின் கடைசி யூனிட். செமஸ்டர் முடிகிற அவசரத்தில் ஒரே பீரியடில் ஓடிவிட்டது. "பதினாறு மார்க்குக்கு வராதுப்பா, ஷார்ட் நோட்ஸ் போதும்" என்று சார் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன்.

பிறகு வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்த காலத்தில் 1985 மாடல் ஷெவர்லே பிக்கப் ஒன்றை மலிவாக வாங்கினேன். எட்டு சிலிண்டர், 305 கன அங்குல எஞ்சின், நாலு கியர் ஆட்டோமேட்டிக். ஒரு சனிக்கிழமை வீட்டு ஷெட்டிலேயே பழைய கார்புரேட்டரைக் கழற்றி வேறொன்று மாட்டினேன். வண்டி பறந்தது. கியர் மாறுவதே தெரியவில்லை, வெண்ணெய் மாதிரி மாறியது. நான் பெருமைப்பட்டேன். அடுத்த வாரமே, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகிற இடத்தில் எஞ்சின் மட்டும் இரைந்தது, வண்டி நகரவில்லை. எண்ணெயைத் தொட்டு முகர்ந்தால் கருகிய வாடை.

தொட்டது எஞ்சினை, கருகியது கியர்பாக்ஸ்! இது எப்படி என்று தேடப் போய்த்தான் இந்தச் சரித்திரத்துக்குள் விழுந்தேன்.

1932-ல் ஃபோர்டு கம்பெனி சாமானியர்களும் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கி, ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றி, இரண்டு கார்புரேட்டர் வைத்து, கேம்ஷாஃப்டை வேறு வடிவத்தில் அரைத்து, மொஹாவே பாலைவனத்தின் வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-ல் அதற்கென்று ஒரு சங்கமே அமைந்தது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. அதுவரை வாய்வழியாகப் பரவிய வித்தை அச்சில் ஏறியது.

இவர்கள் யாருக்கும் ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இளக்காரம். ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்திய ஹைட்ராமேட்டிக் பெட்டியைக் குடும்பஸ்தர்களின் சௌகரியம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் உலகப் போரில் அதே பெட்டி எம்-5 ரக டாங்கிகளில் ஏறிவிட்டது. ஒரு டாங்கிக்கு இரண்டு காடிலாக் எஞ்சின், இரண்டு ஹைட்ராமேட்டிக். டாங்கியையே தாங்கியதை 'பொம்பளைங்க கியர்' என்று கேலி செய்வது எவ்வளவு அசட்டுத்தனம்!

அதன் உள்ளமைப்பு அழகானது. ஜூனியர் தம்பி தங்கைகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். முன்பக்கம் ஒரு கிரக கியர்த் தொகுதி, விகிதம் 1.45. பின்பக்கம் இன்னொன்று, 2.63. இரண்டும் வேலை செய்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 3.82. அது முதல் கியர். பின்னது மட்டும் என்றால் இரண்டாவது, முன்னது மட்டும் என்றால் மூன்றாவது, இரண்டும் நேரடியாகச் சுற்றினால் நாலாவது. எப்போது மாறுவது என்பதை ஒரு வால்வு முடிவு செய்யும். அதன் ஒரு பக்கம் ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த கம்பி தரும் எண்ணெய் அழுத்தம். மறுபக்கம் வண்டியின் வேகத்தோடு சுற்றும் கவர்னர் தரும் அழுத்தம். கிடா முட்டு மாதிரிதான். கவர்னர் ஜெயித்தால் அடுத்த கியர்.

அந்தக் கம்பியின் நீளத்தைச் சற்று மாற்றினால் கியர் மாறும் வேகமே மாறும். எனக்குத் தெரிந்தவரை வீட்டு ட்யூனிங் என்பது ஆட்டோமேட்டிக்கில் நுழைந்த வாசல் இதுதான்.

1953-ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தொடங்கிய பி அண்ட் எம் கம்பெனி ஹைட்ராமேட்டிக்கைப் பந்தயத்துக்கென்றே மாற்றிக் கட்டி விற்றது. கால் மைல் பந்தயத்தில் அந்த 3.82 முதல் கியர் வண்டியை வில்லிலிருந்து அம்பு போலக் கிளப்பியது. கேலி செய்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பிறகு கில் யங்கர் என்பவர் டிரான்ஸ்-கோ என்ற தன் கம்பெனி மூலம் 'ஷிஃப்ட் கிட்' என்பதைப் பரப்பினார். சில ஸ்பிரிங், ஒரு தகடு, ஒரு விளக்கத்தாள். வால்வுத் தகட்டின் துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் கிளட்ச் வேகமாக எண்ணெய் நிரம்பி, கியர் 'டக்'கென்று விழும்.

இங்கேதான் நான் புரிந்துகொள்ளாமல் போன விஷயம் இருக்கிறது. கியர் மெத்தென்று மாறுகிறது என்றால் கிளட்ச் தகடுகள் கொஞ்ச நேரம் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன என்று அர்த்தம். வழுக்கல் என்றால் சூடு. வாங்குபவருக்குப் பிடிக்கவேண்டும் என்று கம்பெனிக்காரன் வேண்டுமென்றே கொஞ்சம் வழுக்க விட்டிருப்பான். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. (அந்த வழுக்கல் சீராக இருக்க அந்தக் காலத்து கியர் எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தடை வந்ததும் கெமிஸ்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.)

1964-ல் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 வந்தது. அதில் கம்பிக்குப் பதில் ஒரு ரப்பர் குழாய். எஞ்சின் மேனிஃபோல்டின் வெற்றிட அளவை வைத்து எஞ்சினுக்கு எவ்வளவு பாரம் என்று கியர்பாக்ஸ் தெரிந்துகொள்ளும். பையன்கள் பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்டார்கள், வெற்றிடம் குறைந்தது. கியர்பாக்ஸ் பாவம், வண்டி சும்மா நிற்கும்போதே மலையேறுவதாக நினைத்துக்கொண்டது. அழுத்தம் ஏறியது, கியர் தாமதமாக முரட்டுத்தனமாக விழுந்தது. அதோடு, அந்தக் கேமுக்குக் கீழ்ச்சுற்றுகளில் பலமே கிடையாது. பழைய டார்க் கன்வர்ட்டரோடு சிக்னலில் கிளம்பினால் வண்டி முக்கும். விட்டம் குறைந்த கன்வர்ட்டர் மாற்ற வேண்டியதாயிற்று. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டாக வேண்டும் என்பது இப்படித்தான் ஷெட்டுகளில் ஒவ்வொருவராகத் தெரிந்துகொண்டது.

என் பிக்கப்பில் இருந்தது 1982-ல் வந்த 700-ஆர்4. அதில் கார்புரேட்டர் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். கியர் மாறும் நேரம் மட்டுமல்ல, கிளட்ச்சைப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தமும் அந்த ஒரே கேபிள் கையில். நான் மாட்டிய கார்புரேட்டரின் லீவரில் கேபிள் மாட்டும் துளை வேறு இடத்தில் இருந்தது. எனவே கேபிள் குறைவாக இழுத்தது. நான் முழுசாக மிதித்தபோதும் கியர்பாக்ஸ், 'ஐயா மெதுவாத்தான் போறார்' என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தது. நான் ரசித்த அந்த வெண்ணெய் மாதிரி மாறுதல், தகடுகள் எரிந்துகொண்டிருந்த சுகம்! சரிசெய்ய வேண்டியிருந்தது சில டாலர் விலையுள்ள ஒரு தகட்டுத் துண்டு.

1993-ல் அதே பெட்டி 4எல்60-இ என்று எலக்ட்ரானிக் ஆனது. கேபிள் போய் கம்ப்யூட்டர் வந்தது. கியர் மாறும் கணத்தில் ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டு எஞ்சின் பலத்தைக் குறைக்கும் வேலையையும் கம்ப்யூட்டரே பார்க்கிறது. இன்றைக்கு லேப்டாப்பில் ட்யூன் செய்யும் பையன்கள் பலர், வேகத்தைக் கெடுக்கிறது என்று முதலில் அணைப்பது அதைத்தான்.

அந்தப் பிக்கப்புக்கு வேறு கியர்பாக்ஸ் போட்டு, ஊர் திரும்பும்போது ஒரு கல்லூரி மாணவனுக்கு விற்றேன். பானெட்டைத் திறந்து கேபிளைக் காட்டி, "கார்புரேட்டரை மாத்தினா இதை முதல்ல பாரு" என்றேன். தலையாட்டினான். எந்த கார்புரேட்டர் வாங்கலாம் என்று அடுத்த கேள்வியும் கேட்டான்.