யானையும் ஈயக்குண்டும்

யானையின் நெற்றி பார்ப்பவரை ஏமாற்றுவது. பாறைபோல் அகன்று நிற்கும் அம்மத்தகத்தைக் கண்டவர் அதன் உள்ளே முழுவதும் மூளையே என்று எண்ணுவர். உண்மையில் அதன் பெரும்பகுதி, தேன்கூடுபோல் அறை அறையாக அமைந்து காற்று நிரம்பிய எலும்பேயாகும். மூளையோ அவ்வெலும்புக் கோட்டையின் பின்புறத்தில், காதுத் துவாரங்களின் மட்டத்தில், தாழ ஒதுங்கிக் கிடக்கின்றது. முன்னிருந்து சுடுபவனின் குண்டு அத்தனை எலும்பையும் நேராகத் துளைத்துச் சென்றாலன்றி மூளையை எட்டாது. வழியில் அது நசுங்கினாலும் திசை திரும்பினாலும் யானை வீழாது. சினந்து பாயும், அல்லது புண்ணோடு காட்டினுள் மறையும். பெருவிலங்கு வேட்டைக் குண்டின் வரலாறு, இந்த எலும்புக்கும் ஈயத்துக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட வழக்கு எனலாம். அவ்வழக்கின் முற்பகுதி இலங்கைக் காடுகளிலும் நடைபெற்றது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டு யானை, பயிரை அழிக்கும் பகையாகவே அரசாங்கத்தாற் கருதப்பட்டது. கொன்ற யானை ஒன்றுக்குச் சில ஷில்லிங் வெகுமதியும் வழங்கப்பட்டது. குடியேற்றச் செயலாளராக இங்கே பணியாற்றிய சேர் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலில் தரும் கணக்கு இன்றும் திகைப்பூட்டுவது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகள் அழிக்கப்பட்டன. தென்மாகாணத்தில், காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே, 1851 முதல் 1856 வரை 2,000க்கு மேற்பட்டவை மாண்டன. மேஜர் றொஜர்ஸ் என்னும் படை அதிகாரி ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். அதனைத் தெய்வத் தீர்ப்பென்று ஊரார் பேசிக்கொண்டதில் வியப்பில்லை.

அக்காலத்தில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேற்றம் அமைத்தவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்றவரும் இவரே. இவர் 1840இல் பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. அதன் குழல் 36 அங்குலம் நீளம். ஒரு முறை வெடிப்பதற்கு ஓர் அவுன்சு கருமருந்து வேண்டும். அது தள்ளிய நீள்வடிவக் குண்டின் நிறை 4 அவுன்சு. ஒரு சிறு பீரங்கியைத் தோளில் வைத்து வெடிப்பதற்கு இது ஒப்பாகும்.

இத்துணைப் பருமன் எதற்கு? கருமருந்து குண்டுக்குக் கொடுக்கக்கூடிய வேகம் ஓர் அளவுக்கு உட்பட்டது. பெருங்குழல் துப்பாக்கிகளில் அது வினாடிக்கு 1,500 அடி என்ற அளவிலேயே நின்றது. வேகத்தைக் கூட்ட இயலாதபோது வலிமையைக் கூட்ட ஒரே வழி நிறையைக் கூட்டுவதுதான். அப்போதும் ஒரு குறை எஞ்சியது. தூய ஈயம் மென்மையானது; எலும்பில் மோதியதும் அப்பமாகிவிடும். ஆகவே வெள்ளீயத்தையோ பாதரசத்தையோ கலந்து அதனைக் கடினமாக்கினர்.

வெடி தீர்ந்தவுடன் வேட்டைக்காரனுக்கும் யானைக்கும் நடுவே வெண்புகை திரையிட்டு நிற்கும். வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியாதலால் மறுமுறை நிரப்ப நேரமுமில்லை. எனவே நிரப்பிய துப்பாக்கிகளை ஏந்தியவாறு, துரையின் முதுகுக்குப் பின்னே உதவியாட்கள் நிற்க வேண்டியிருந்தது. கையில் நிரப்பிய துப்பாக்கி இருந்தும், யானை பாயும்போது அதனை வெடிக்காமல் இன்னொருவர் கையில் நீட்ட வேண்டியவர்கள் இவர்கள். வேட்டை நூல்களிலே துரைமாரின் தீரம் பக்கம் பக்கமாக வருகின்றது. இவ்வாட்களின் தீரம் அதற்குக் குறைந்ததன்று.

முதுமையில், 1890இல், பேக்கர் காட்டுவிலங்குகளைப் பற்றி எழுதிய நூலில் இக்கேள்வியை மீண்டும் எடுத்தார். புலி, மான் போன்றவற்றுக்குத் தூய ஈயத்தாலான திண்ணிய குண்டே சிறந்தது என்பது அவர் முடிபு. அது உடலினுள் காளான்போல் விரிந்து, தன் வலிமை முழுவதையும் அங்கேயே செலவிட்டு, மறுபுறத்துத் தோலின் கீழ் நின்றுவிடும். உள்ளே குடைவுள்ள குண்டோ மேற்புறத்திலேயே சிதறிப்போகும். யானைக்கு மாத்திரம் கடினக் குண்டு வேண்டும். ஒரே குண்டு எல்லா விலங்குக்கும் பொருந்தாது என்பதை அவரளவு தெளிவாக உணர்ந்தோர் அந்நாளில் மிகச் சிலரே.

அவர் அதனை எழுதும்போதே பழைய உலகம் மாறிக்கொண்டிருந்தது. 1884இல் பிரான்சு நாட்டு வியேல் என்பார் புகையற்ற மருந்தைக் கண்டார். இரண்டாண்டுகளில் அந்நாட்டுப் படை அதற்கேற்ற சிறுகுழல் றைபிளைக் கையேற்றது. குண்டின் வேகம் வினாடிக்கு 2,000 அடியை எட்டியது. அவ்வேகத்திலே வெற்று ஈயம் குழலின் வரிகளில் உரிந்துபோகுமாதலால் அதற்கு உலோகக் கவசம் இடப்பட்டது. கவசமிட்ட குண்டோ உடலிலே ஊசிபோல் நுழைந்து ஊசிபோல் வெளியேறியது. அடிபட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடி, தேடுவோர் காணாத இடத்தில் கிடந்து இறந்தது.

இந்திய எல்லைப் போர்களிலே பிரித்தானியப் படையினரும் இதே குறையைக் கூறினர். கல்கத்தாவுக்கு அண்மையில் டம்டம் என்னுமிடத்து ஆயுதசாலையில், குண்டின் நுனியில் கவசத்தை நீக்கி ஈயத்தை வெளியே விட்டனர். உடலினுள் விரியும் அக்குண்டுக்கு அவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் வழங்கலாகாதென்று பிரகடனஞ் செய்தது. முதலில் மறுத்த பிரித்தானியாவும் 1907இல் இணங்கியது.

போரில் கொடுமையென்று விலக்கப்பட்ட அதே குண்டு வேட்டையில் கருணையென்று கொள்ளப்பட்டது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அதில் நியாயமுண்டு. காயமுற்ற போர்வீரனுக்கு வைத்தியசாலை இருக்கின்றது. காயமுற்ற மானுக்கு விரைவான சாவைத் தவிர வேறு மருந்தில்லை.

யானை மட்டும் இவ்விதிக்குப் புறம்பாகவே நின்றது. மென்னுனிக் குண்டு அதன் மண்டையில் உடைந்துபோகும். முழுக்கவசமிட்ட திண்குண்டே அதற்குரியது. இதனை மெய்ப்பித்தவர் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்பவர். யானை மண்டையை வாளால் இரு கூறாக அறுத்து மூளையின் இருப்பிடத்தை ஆராய்ந்தவர் இவர். இவர் பெரிதும் விரும்பிய 7 மில்லிமீற்றர் றைபிளின் குண்டு 11 கிராம் அளவினதே. பேக்கரின் 4 அவுன்சுக் குண்டிலே பத்தில் ஒரு பங்கு. ஒடுங்கி நீண்டு வளையாது சென்றமையால், அச்சிறு குண்டு எலும்பை ஊடுருவி மூளையை அடைந்தது. ஆனால் குண்டு சிறிதாயினமையால் தவறுக்கு இடமும் சிறிதாயிற்று. பெல்லின் கண்ணும் கையும் அறிவும் இல்லாதவன் அதே குண்டால் யானையைப் புண்படுத்தவே முடியும். 1898இல் வெளிவந்த பெருங்குழல் றைபிள்கள் 31 கிராம் குண்டை வினாடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்தின. ஏனையோர் அவற்றையே நாடினர்.

விரிதலையும் ஊடுருவலையும் ஒரே குண்டில் இணைக்கும் முயற்சி அமெரிக்காவில் கைகூடியது. 1946இல் கனடாவில் ஜோன் நொஸ்லர் என்பவர் சுட்ட மூஸ் என்னும் பெருமான், குண்டு மேற்புறத்தில் சிதறியதால் வீழவில்லை. அவர் குண்டின் நடுவே ஓர் உலோகச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி குலையாது உட்செல்லும். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. ஈயமே பின்னர் குற்றவாளியாயிற்று. வேட்டையாடிய உடலிற் சிதறிய ஈயத்துணுக்குகளைத் தின்று கழுகினங்கள் நஞ்சுண்டமையால், கலிபோர்னியா 2019 முதல் எல்லா வேட்டையிலும் ஈயக்குண்டை விலக்கியது. செம்பாலான குண்டுகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன.

இலங்கையில் துரைமாரின் யானை வேட்டை முடிந்துபோயிற்று. 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் யானை பாதுகாக்கப்படுகின்றது. ஆயினும் யானையும் குண்டும் பிரிந்துவிடவில்லை. 2023இல் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் பல காரணங்களால் இறந்தன. துப்பாக்கிக் காயமும் அவற்றுள் ஒன்று. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழக்கும் கமக்காரன், நாட்டுத் துவக்கில் கருமருந்தும் ஈயச் சன்னமும் கெட்டித்து இருளிலே வெடிக்கின்றான். அவன் வேண்டுவது யானை அகலுவதையே. காட்டுப்பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கும் யானையின் காலில் வெடிப்பதுண்டு. இச்சன்னங்கள் மூளையை எட்டுவனவுமல்ல. உடலைக் கடந்து செல்வனவுமல்ல. தோலின் கீழும் மூட்டிலும் தங்கிச் சீழ் கட்டுகின்றன. கால் வீங்கிய யானை நீர்நிலையருகே நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் நிற்கின்றது. வனசீவராசிகள் திணைக்கள வைத்தியர் வந்து சேரும்போது, அது பெரும்பாலும் படுத்துவிட்டிருக்கும்.