அயர்லாந்து மாட்டுச் சட்டங்கள்

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அயர்லாந்தின் முதன்மையான ஏற்றுமதிகளுள் ஒன்று, இங்கிலாந்துக்கு உயிருடன் அனுப்பப்பட்ட மாடுகளாகும். இங்கிலாந்தில் நிலவாடகை வீழ்ச்சியுற்றபோது பழி இம்மாடுகள்மீதே சுமத்தப்பட்டது. 1663 ஆம் ஆண்டுச் சட்டம் யூலை முதல் டிசெம்பர் வரை வரும் மாடுகளுக்குக் கடுந்தீர்வை விதித்தது. 1667 ஆம் ஆண்டுச் சட்டம் மாட்டையும் மாட்டிறைச்சியையும் முற்றாகத் தடுத்தது. இதனை நாட்டுநலன் என்பதினும் நிலக்கிழார் நலன் என்பதே பொருந்தும். மெலிந்த மாடுகளை வாங்கிக் கொழுக்கவைத்து விற்ற நோர்போக் பகுதியினர் இத்தடையால் இழப்பே அடைந்தனர்.

இச்சட்டத்தின் சொல்லொன்று ஆராயத்தக்கது. பாராளுமன்றம் இவ்விறக்குமதியைப் 'பொதுத்தொல்லை' எனப் பிரகடனஞ் செய்தது. மாடு எங்ஙனம் தொல்லையாகும்? பொதுத்தொல்லை எனப்பட்டதற்கு மன்னர் தம் தனியுரிமையால் விலக்களித்தல் இயலாது என்பதே உட்கிடை. அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியான ஒர்மண்ட் கோமகன் எதிர்த்தும் இரண்டாம் சாள்ஸ் இணங்கவேண்டியதாயிற்று. 1666 இல் தீக்கிரையான இலண்டன் மாநகர மக்களுக்கு அயர்லாந்தார் நன்கொடையாக வழங்க முன்வந்த மாடுகள்கூட ஐயக்கண்கொண்டே நோக்கப்பட்டன.

தடையுண்ட மாடு, உப்பிட்ட இறைச்சியாகிப் பீப்பாய்களில் வேறு திசை சென்றது. கோர்க் துறைமுகம் இவ்வணிகத்தாற் செழித்தது. கப்பல்களும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களும் அதனை வாங்கின. தரங்குறைந்தது பிரெஞ்சுத் தீவுகளின் அடிமைகளுக்குச் சென்றது. அயர்லாந்தின் ஏழைக் குடியானவனோ அவ்விறைச்சியை அரிதாகவே உண்டான். மேய்ச்சல் நிலம் விரிய, அவன் உருளைக்கிழங்கையே மேன்மேலும் நம்பி வாழலானான்.

1759 இல் மாடுகள்மீதான தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பிரித்தானியக் கடற்படை அயர்லாந்து இறைச்சியிற் பெரிதும் தங்கியிருந்தது. அமெரிக்கப் போர்க்காலத்தில், 1776 இல், அவ்விறைச்சி எதிரிகளைச் சென்றடையாவண்ணம் அயர்லாந்திலிருந்து அதனை ஏற்றுமதி செய்வதற்கே அரசு தடைவிதித்தது.