தண்ணீரால் கரையும் பாலைவனக் கோட்டை

நண்பர்கள் கூட்டமாக ஜெய்சல்மர் போகிறவர்கள் பலர் கோட்டைக்குள்ளேயே அறை தேடுவார்கள். அந்த அறையின் குளியலுக்கும் கோட்டையின் ஆயுளுக்கும் சம்பந்தம் உண்டு தெரியுமா?

1156ல் ராஜபுத்திர அரசர் ராவல் ஜெய்சல், தார் பாலைவனத்தில் திரிகூட மலை மேல் கட்டிய கோட்டை இது. இந்தியாவை மத்திய ஆசியாவோடு இணைத்த ஒட்டக வணிகப் பாதையில் இருந்ததால், வணிகர்கள் கட்டிய சுங்க வரியில் நகரம் செழித்தது. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய் துறைமுகம் வளர்ந்ததும் சரக்கெல்லாம் கடல் வழியே போனது. 1947 பிரிவினையில் சிந்து மாகாணத்துக்கான பாதையும் அடைபட்டது. பிறகு கைகொடுத்தது சுற்றுலாதான்.

பிரச்சனையும் அங்கேதான். காடிசர் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து, சிக்கனமாகச் செலவழித்த மக்களுக்காகக் கட்டிய கோட்டை இது. குழாய்த் தண்ணீர் வந்து விடுதிகள் பெருகியதும் கழிவுநீர் மலைக்குள் கசிந்தது. சில கொத்தளங்கள் சரிந்தன. 1996ல் உலக நினைவுச்சின்ன நிதியம் இதை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது.

கோட்டைக்குள் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். அது அவர்கள் வீடு. விருந்தாளிகள் வெளியே தங்கிவிட்டு, பகலில் போய்ப் பார்த்துத் திரும்பினாலே அந்த மலைக்குப் பாதி பாரம் குறையும்.